ஆண்மைக் குறைவுக்குச் சத்திரசிகிச்சை: மனைவியும் அறிந்திருக்க வேண்டியவை

பெண்களுக்கான ஒரு சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுழிக்கக்கூடும். மார்பகப் புற்றுநோய் பற்றி எழுதுகிறோம், கருப்பை இறக்கம் பற்றி எழுதுகிறோம். கணவனுக்கு வரும் ஒரு வருத்தத்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை அரைவாசி நின்று போகும்போது அதைப் பற்றி எழுதாமல் விடுவது எப்படி?

27 வருடங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி 9 வருடங்கள் நீரிழிவுக் கிளினிக்கில் இருந்தேன். இப்போது மாதத்தில் இரண்டு மூன்று கிராமங்களுக்குப் போய்ப் பெண்களுக்குச் சுகாதார வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி, வகுப்பு முடிந்து நான் செருப்பைப் போடும்போதுதான் வரும். மற்றவர்கள் போகட்டும் என்று ஒருத்தி பின்னால் நிற்பாள். "மிஸ், அவருக்கு இப்ப ஏலாமப் போச்சு. என்னிலதான் ஏதும் பிழையோ?" என்று மெதுவாகக் கேட்பாள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை உங்களில் இல்லை. பெரும்பாலும் அவருடைய மனத்திலும் இல்லை. அவருடைய இரத்தக் குழாய்களில் இருக்கிறது.

ஆண்குறிக்குள் நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு உருளைகள் உண்டு. மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி வந்ததும் அங்கே நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு சுரந்து நாடிகளைத் தளர்த்துகிறது. இரத்தம் பாய்ந்து பஞ்சு நிரம்புகிறது. நிரம்பிய பஞ்சு சுற்றியுள்ள உறையோடு அழுந்த, இரத்தத்தை வெளியே கொண்டு போகும் நாளங்கள் நசிந்து அடைபடுகின்றன. சைக்கிள் ரியூபுக்குக் காற்றடித்து வால்வை மூடுவது போன்ற வேலைதான். நீரிழிவு நாடியையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும், பஞ்சையும் இறுகச் செய்யும். புகைத்தலும் உயர் குருதி அமுக்கமும் கொழுப்பும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. நீரிழிவுள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்தக் குறை வருகிறது. மற்றவர்களை விடப் பத்து வருடம் முந்தியும் வருகிறது. எமது நாட்டில் 2005-2006 இல் நடந்த ஆய்வில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 2018-2019 ஆய்வில் அது ஐந்தில் ஒருவருக்கும் மேலாகிவிட்டது. இத்தனை வீடுகளில் எத்தனை வீட்டில் இந்த மௌனம் இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

இன்னொரு விடயம் இதைவிட முக்கியமானது. ஆண்குறிக்குப் போகும் நாடியின் உட்பக்கம் 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலம்தான். இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடி 3 முதல் 4 மில்லிமீற்றர். இரண்டிலும் ஒரே அளவு கொழுப்புப் படிந்தால் சிறிய குழாய்தான் முதலில் அடைபடும். ஆகவே விறைப்புக் குறைந்து இரண்டு முதல் ஐந்து வருடங்களில் மாரடைப்பு வருவது பலருக்கு நடந்திருக்கிறது. வெட்கத்தில் மறைக்கும் இந்தக் குறை, இருதயம் முன்கூட்டியே அனுப்பும் தந்தி. அதைப் பிரித்து வாசிக்காமல் பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் லேகிய விளம்பரத்துக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். இப்படியான "மூலிகை" மருந்துகள் பலவற்றில் வயாகராவின் மருந்தையே அளவு தெரியாமல் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இருதய வருத்தத்துக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசை பாவிப்பவர் அந்த லேகியத்தையும் சாப்பிட்டால் குருதி அமுக்கம் திடீரென்று விழுந்து உயிரே போகலாம்.

"ஆண்மையற்றவன்" என்ற சொல்லையும் விட்டுவிடுவது நல்லது. 1992 டிசம்பரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய நிபுணர் மாநாடு அந்தப் பொருள் தரும் பழைய ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டு, "விறைப்புக் குறைபாடு" என்ற பொருளுடைய சொல்லைப் பாவிக்கும்படி சொன்னது. ஒருவருடைய ஆண்மைக்கும் ஒரு நாடியின் அடைப்புக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையான ஆண்களிடம் செய்து 1994 இல் வெளியான ஆய்வில் 52 சதவீதமானவர்களுக்குச் சிறிதளவாவது இந்தக் குறை இருந்தது. பாதிப்பேருக்கு வருவதை அவமானம் என்றால் யார்தான் மிஞ்சுவர்?

அவமானமாகவே இருந்ததன் விளைவைத்தான் நான் அடிக்கடி பார்த்தேன். ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். அந்தச் சகோதரியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன், ஊரையும் பெயரையும் விட்டுவிட்டேன். அவளுக்கு அப்போது 46 வயது. கணவருக்கு 51, சந்தியில் கடை வைத்திருப்பவர், 14 வருட நீரிழிவு. நான்கு வருடமாக அவர் விறாந்தையில்தான் படுக்கை. அவள் கையைக்கூடத் தொடுவதில்லை. "வேற ஆரோடயோ தொடர்பு எண்டுதான் நினைச்சனான் மிஸ். கைத்தொலைபேசியைக்கூட ஒளிச்சுப் பாத்தனான்" என்றாள். ஒரு நாள் அவர் வந்து தாலிக்கொடியைக் கேட்டிருக்கிறார், அடைவு வைக்க. எதற்கென்று சொல்லவில்லை. மூன்று நாள் சண்டைக்குப் பிறகுதான் சென்னைக்குப் போய் ஒபரேஷன் செய்யப் போகிறேன் என்று சொன்னார். இடையில் ஒரு தரகர். "ஒரு சின்ன வேலை, மூண்டு நாளில திரும்பி வரலாம், இருபது வயசு மாதிரி ஆகலாம்" என்று அந்தத் தரகர் சொல்லியிருந்தார். என்ன ஒபரேஷன், உடம்பில் எதை வைக்கப் போகிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது. உண்மையில் அவருக்கும் சரியாகத் தெரியாது.

நான் அவளிடம் சொன்னது ஒன்றுதான். தாலிக்கொடியைக் கொடுக்கிறதும் விடுகிறதும் பிறகு. முதலில் இரண்டு பேரும் சேர்ந்து சிறுநீரக சத்திரசிகிச்சை விசேட வைத்திய நிபுணரிடம் போங்கள். சேர்ந்து போக வேண்டும் என்பதை அழுத்திச் சொன்னேன்.

சத்திரசிகிச்சை என்பது இந்த வருத்தத்துக்குக் கடைசிப் படி. அதற்கு முன் ஏறிப் பார்க்க வேண்டிய படிகள் சில உண்டு. சீனியையும் அமுக்கத்தையும் கட்டுப்படுத்துவது, புகைப்பதை விடுவது, மற்ற வருத்தங்களுக்குக் குடிக்கும் குளிசைகளில் எது இதைக் கெடுக்கிறது என்று வைத்தியரிடம் கேட்பது. (தானாகக் குளிசையை நிறுத்தக்கூடாது.) அதன் பிறகு 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாபில், அதற்குப் பின் வந்த டடலாபில் போன்ற குளிசைகள். "குளிசை போட்டுப் பாத்தன், சரிவரேல்லை" என்று சொல்பவர்களில் பலர் சில்டெனாபிலை வயிறு நிறைய எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போட்டவர்கள், அல்லது போட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். மனைவியோடு நெருங்காமல் குளிசை தானாக ஒன்றும் செய்யாது. ஒரு தடவை போட்டுவிட்டு முடிவெடுக்கவும் கூடாது. வைத்தியர்கள் ஆறு ஏழு தடவையாவது பார்க்கச் சொல்வர்.

குளிசை உதவாவிட்டால் உறிஞ்சிக் குழாய் போன்ற கருவி ஒன்று இருக்கிறது. ஊசியும் இருக்கிறது. ஊசியின் கதை வேடிக்கையானது. 1983 இல் லாஸ் வேகாஸ் நகரில் அமெரிக்க சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர்களின் மாநாடு நடந்தது. ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரித்தானிய விஞ்ஞானி உரைக்கு வருவதற்கு முன் விடுதி அறையில் தனக்கே ஊசியைப் போட்டுக்கொண்டு, மேடையில் தன் உடலையே சான்றாகக் காட்டினார். மாலை விருந்துக்கு உடுத்து முன்வரிசையில் இருந்த வைத்தியர்களின் மனைவிமார் கூச்சல் போட்டார்களாம். அன்று சிரித்தவர்களும் திகைத்தவர்களும் பிறகு அந்த முறையைத்தான் தங்கள் நோயாளர்களுக்குக் கற்றுக் கொடுத்தனர். மிக மெல்லிய ஊசிதான், கணவன் அல்லது மனைவி வீட்டிலேயே போடப் பழகலாம். ஆனால் விறைப்பு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் இரவென்றும் வெட்கமென்றும் பார்க்காமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். தாமதித்தால் உள்ளே உள்ள தசை செத்துவிடும்.

இவை எல்லாம் பலிக்காதவருக்குத்தான் சத்திரசிகிச்சை.

ஆண்களின் இந்தக் கவலையில் கத்தி வைத்துப் பிழைத்தவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1920களில் பாரிஸ் நகரில் வொரொனொவ் என்பவர் குரங்கின் விதையைச் சீவி ஆண்களுக்கு ஒட்டினார், பணக்காரர்கள் வரிசையில் நின்றனர். வியன்னாவில் ஸ்டைனாக் சொன்ன முறைப்படி விந்துக் குழாயைக் கட்டினால் இளமை திரும்பும் என்று நம்பி அயர்லாந்துக் கவிஞர் யேற்ஸ் 1934 இல் அந்த ஒபரேஷனைச் செய்துகொண்டார். இன்று அதைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் செய்கிறோம்! 1936 இல் ரஷ்ய சத்திரசிகிச்சையாளர் பொகொராஸ் ஆண்குறியைத் திருத்தி அமைக்கும்போது விலா எலும்பின் குருத்தெலும்பை உள்ளே வைத்தார். எண்ணம் சரியானது, ஆனால் குருத்தெலும்பு காலப்போக்கில் கரைந்துவிடும்.

சரியான பொருள் கிடைத்தது சிலிக்கோன் வந்த பிறகுதான். 1973 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிரான்ட்லி ஸ்கொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய இரு கூட்டாளிகளும் நீரால் நிரம்பும் கருவியை அறிமுகப்படுத்தினர். 1975 இல் மயாமியைச் சேர்ந்த ஸ்மோல், கரியோன் என்ற இரு வைத்தியர்கள் சிலிக்கோன் கோல் ஒன்றைப் பற்றி எழுதினர். இன்றைக்கு வைக்கப்படுவனவும் இந்த இரண்டு வகைகளிலிருந்து வந்தவைதான்.

முதலாவது வகையில் மூன்று பாகங்கள். ஆண்குறிக்குள் இருக்கும் பஞ்சு உருளைகளின் இடத்தில் இரண்டு நீண்ட பலூன்கள். சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் உப்புநீர் நிரப்பிய ஒரு சிறிய பை. விதைப்பைக்குள் ஒரு பம்பி. பம்பியைத் தோலுக்கு மேலால் சில தடவை அமர்த்தினால் நீர் பையிலிருந்து பலூனுக்குப் போய் விறைப்பு உண்டாகும், வேறொரு இடத்தை அமர்த்தினால் நீர் திரும்பப் பைக்குப் போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. கையில் வாதம், விரலில் பலமில்லாதவருக்குப் பம்பியை அமர்த்துவது கஷ்டம். பல வீடுகளில் மனைவிதான் அதைச் செய்கிறாள், ஆகவே கற்றுக்கொடுக்கும்போது அவளும் அங்கே இருக்க வேண்டும்.

இரண்டாவது வகை வளையும் கோல். உள்ளே உலோகக் கம்பி, மேலே சிலிக்கோன். தேவையானபோது நிமிர்த்துவது, மற்ற நேரம் கீழே வளைத்துவிடுவது. எப்போதும் ஓரளவு விறைப்பாகவே இருக்கும். காற்சட்டைக்குள் மறைக்கலாம், சாரம் உடுத்தி வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவே சின்ன வீட்டில் நடமாடும் மனிதருக்குக் கொஞ்சம் சிரமம்தான். ஆனால் பழுதடைய அதில் அதிகம் ஒன்றுமில்லை, விலையும் குறைவு. மும்பையைச் சேர்ந்த டொக்டர் ரூபின் ஷா உருவாக்கிய இந்தியக் கோல் இவ்வகைதான். நீர் நிரம்பும் வெளிநாட்டுக் கருவி அதைவிடப் பல மடங்கு விலை.

ஒபரேஷன் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். விதைப்பையும் குறியும் சேரும் இடத்திலோ அடிவயிற்றின் கீழேயோ சிறிய வெட்டு. ஓரிரு நாட்களில் வீட்டுக்கு விடுவர். வீக்கமும் நோவும் சில வாரங்கள் இருக்கும், நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை உறவு கூடாது. "மூண்டு நாளில திரும்பலாம்" என்றால் விமானத்தில் ஏறலாம் என்றுதான் அர்த்தம்.

தரகர்கள் சொல்லாமல் விடுவது இனித்தான் வருகிறது. கருவியை வைக்கும்போது உள்ளே இருக்கும் இயற்கையான பஞ்சு ஒதுக்கப்பட்டுச் சிதைந்துவிடும். பிறகு கருவியை எடுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது, குளிசையும் வேலை செய்யாது. இது ஒருவழிப் பாதை. கருவி ஆசையைக் கூட்டாது, உணர்ச்சியைக் கூட்டவும் குறைக்கவும் மாட்டாது. விந்து வெளியேறுவது முன்பு எப்படியோ அப்படியேதான். நுனிப்பகுதி நிரம்பாது, சிலருக்குக் குளிர்ந்தே இருக்கும். நீளம் குறைந்துவிட்டது என்பது பல ஆண்கள் சொல்லும் முறைப்பாடு. முதல் தடவை வைப்பவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்குக் கிருமி தொற்றும், நீரிழிவுக்காரருக்கு அந்த ஆபத்துக் கூட. தொற்றினால் பெரும்பாலும் முழுக் கருவியையும் எடுக்க வேண்டியதுதான். 2001 இல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பூசிய கருவிகள் வந்த பிறகு தொற்றுக் குறைந்திருக்கிறது. நீர் நிரம்பும் கருவி ஐந்து வருடத்தில் பத்தில் ஒன்பது நல்லாக வேலை செய்யும், பத்துப் பதினைந்து வருடத்தில் பலருக்கு மாற்ற வேண்டி வரும். 50 வயதில் வைப்பவர் 65 வயதில் இன்னொரு ஒபரேஷனுக்கும் பணம் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சரியான ஆளுக்கு, சரியான கையால் வைத்தால், இந்த வருத்தத்துக்கான சிகிச்சைகளில் மனத்திருப்தி மிகக் கூடியது இதுதான். ஆய்வுகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட ஆண்கள் திருப்தி என்கின்றனர். மனைவியரிடம் கேட்ட ஆய்வுகள் குறைவு, கேட்டவற்றிலும் பெரும்பாலோர் நல்லதாகவே சொல்லியிருக்கின்றனர். ஏன் குறைவாகக் கேட்டார்கள் என்பது என் கேள்வி.

குறியின் நாடிகளை ஒட்டுப்போட்டுத் திருத்தும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது. அது விபத்தில் இடுப்பு அடிபட்டு ஒரு நாடி மட்டும் அறுந்த இளைஞருக்குத்தான் பொருந்தும், நீரிழிவுக்காரருக்கு அல்ல. கசியும் நாளங்களைக் கட்டும் ஒபரேஷன் 1980களில் பெரிதாகப் பேசப்பட்டது. பலன் சில வருடம்கூட நிற்காததால் அதை இப்போது பரிந்துரைப்பதில்லை. யாராவது உங்களுக்கு அதைச் செய்வோம் என்றால் இரண்டாவது வைத்தியரிடம் கேளுங்கள்.

எமது வடக்கு கிழக்கில் இன்னொரு கூட்டத்தினரும் இருக்கின்றனர். 2009 இல் முடிந்த போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஆண்கள், அவர்களைப் பராமரிக்கும் இளம் மனைவியர். இவர்களில் பலருக்குக் குளிசையும் ஊசியும் நல்ல பலன் தரும், ஊசி மருந்தின் அளவு மிகக் குறைவாகத் தொடங்க வேண்டும். கருவி வைப்பதில்தான் அதிக கவனம் தேவை. உணர்ச்சி இல்லாத உடம்பில் கோல் உள்ளிருந்து அழுத்தித் தோலை அரித்து வெளியே வந்தாலும் அவருக்கு நோகாது. அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியவள் மனைவிதான். அவளிடம் இதைச் சொல்லாமல் வைப்பது பெரிய அநியாயம்.

அந்தக் கடைக்காரக் குடும்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இருவரும் சேர்ந்தே போனார்கள். நிபுணர் ஒபரேஷனைப் பற்றிக் கதைக்கும் முன் இருதயப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஓடும் பட்டியில் நடக்கவிட்டுப் பார்த்தபோது ஈசிஜியில் மாற்றம் தெரிந்தது. அஞ்சியோகிராம் செய்து ஒரு நாடியில் ஸ்டென்ட் வைத்தார்கள். தரகர் சொன்னபடி அந்த மாதமே சென்னைக்குப் போயிருந்தால் மயக்க மருந்து மேசையில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நைத்திரேற்றுக் குளிசை எழுதப்பட்டதால் வயாகரா வகை அவருக்கு மறுக்கப்பட்டது. ஊசியை இரண்டு மாதம் முயன்றார். போட்ட பிறகு நெடுநேரம் நோகிறது என்று விட்டுவிட்டார்.

இதற்கிடையில் சீனி இறங்கியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 10.2 இருந்தது 7.4 ஆனது. அது எப்படி என்று கேட்டேன். "நான் அவரோட காலமை நடக்கப் போறன் மிஸ், அவ்வளவுதான்" என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு, இருதய வைத்தியரின் சம்மதத்தோடு, சென்னையிலேயே வளையும் கோலை வைத்துக்கொண்டார். இந்த முறை தரகர் இல்லை. பணம் கடையின் சீட்டுக்காசு, தாலிக்கொடி அவள் கழுத்திலேயே இருந்தது. வைத்தியரின் அறையில் அவளும் இருந்து, தன் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டாள். நீர் நிரம்பும் வகை வேண்டாம் என்று தீர்மானித்ததும் இருவரும்தான். பழுதானால் திரும்பக் கடல் கடந்து வர எங்களிடம் காசில்லை என்பது அவர்கள் கணக்கு.

ஆறு மாதம் கழித்துக் கண்டபோது கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். "முந்தின மாதிரி எண்டு சொல்ல ஏலாது மிஸ். முதல் தடவை எனக்கு நொந்தது, அழுதனான். இப்ப பரவாயில்லை. ஆனா அவர் விறாந்தையில இருந்து உள்ளுக்கு வந்திட்டார். கடையில நடந்ததெல்லாம் இரவில சொல்லுறார். அதுதான் எனக்குப் பெரிசு."

அவள் சொன்ன நோவு பற்றி ஒரு வார்த்தை. சில வருட இடைவெளிக்குப் பிறகு, அதுவும் மாதவிடாய் நிற்கும் வயதில், பெண்ணின் உறுப்பு உலர்ந்து மெலிந்திருக்கும். கணவனுக்கு ஒபரேஷன் நாள் குறிக்கும்போதே மனைவியையும் பெண்நோய் வைத்தியர் ஒருவர் பார்ப்பது நல்லது. உராய்வைக் குறைக்கும் ஜெல்லும், தேவையானவர்களுக்கு ஓமோன் கிறீமும் இருக்கின்றன. பல இடங்களில் இதை யாரும் நினைப்பதே இல்லை.

விரும்பாத மனைவியும் உண்டு. 58 வயதான ஒரு அம்மா, ஐந்து பிள்ளை பெற்றவர், கணவர் கருவி வைக்க ஆயத்தமானபோது வைத்தியரின் முன்னாலேயே சொன்னார்: "டொக்டர், எனக்கு இது வேண்டாம். இவ்வளவு நாளும் ஆரும் என்னட்டக் கேக்கேல்லை." கணவர் திகைத்துப் போனார். அந்த வைத்தியர் கெட்டிக்காரர். பேப்பரை மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரும் வீட்டில் கதைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். அவர்கள் பிறகு ஒபரேஷனுக்கு வரவில்லை. சண்டை பிடித்தார்களா என்று கேட்டேன். "ஒரு கிழமை கதைக்கேல்லை. பிறகு தேத்தண்ணி கேட்டார்" என்றார் அந்த அம்மா. அவர் வேண்டாம் என்றது கருவியை மட்டும்தான்.

சட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்பதால் சொல்கிறேன். 1907 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவான திருமணத்தில், திருமணத்தின்போதே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மையின்மை விவாகரத்துக்கு ஒரு காரணம். திருமணமாகி இருபது வருடத்தின் பின் நீரிழிவால் வந்த குறை அதற்குள் வராது. குழந்தை இல்லாததற்கும் இந்தக் கருவிக்கும் சம்பந்தமில்லை, கருவி விந்தணுவைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டாது. குழந்தைக்காக இதை வையுங்கள் என்று உறவினர் சொன்னால் அவர்களுக்கு விடயம் விளங்கவில்லை என்று பொருள்.

கருவி வைத்தவரிடம் ஒரு அட்டை கொடுப்பார்கள். கருவியின் பெயர், வகை, வைத்த திகதி அதில் இருக்கும். அதை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும், சிறுநீர்க் குழாய் போடும்போதும், அடிவயிற்றில் வேறு எந்த ஒபரேஷன் செய்யும்போதும் அதைக் காட்ட வேண்டும். விதைப்பை சிவந்து சூடாகி நோவெடுத்தாலோ, பம்பி தோலோடு ஒட்டிப்போனாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்கக்கூடாது, அன்றே போக வேண்டும். மயக்கத்திலோ அவசர நிலையிலோ அவரால் சொல்ல முடியாமல் இருக்கும்போது அட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.